சக்கரத்தில் குறையில்லை

அத்தான் கடைக்குள் நுழையும்போது இரண்டு கைகளிலும் இரண்டு பெரிய அட்டைப் பெட்டிகள் இருந்தன. கதவை முதுகால் தள்ளிக்கொண்டே வந்தார்.

"டாக்டரம்மா, ஆபரேஷனுக்கு நாள் குறிச்சாச்சு."

அவள் டாக்டர் இல்லை. ரேஸ் சைக்கிள் கடையில் ஃபிட்டர். சைக்கிளுக்குப் பாகம் பூட்டுவது அவள் வேலையில் பாதி. ஆளைச் சைக்கிளுக்குப் பொருத்துவது மீதி. இடுப்பு, முழங்கால், தோள் என்று அளவெடுத்து, சீட்டைக் கொஞ்சம் ஏற்றி ஹேண்டில்பாரைக் கொஞ்சம் இறக்கி, ஓட்டுபவருக்கும் வண்டிக்கும் சண்டை வராமல் பார்த்துக்கொள்வாள். அக்காவின் கணவர் மட்டும் அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார். அவர் சர்வேயர். அடுத்தவர் நிலத்தை அளந்து அளந்து, தன்னையும் அளந்துகொள்ளாமல் இருக்க முடியாத மனுஷர். ஊருக்கு வெளியே குடிநீர்த் தொட்டி இருக்கும் குன்றில் ஆறு கிலோமீட்டர் ஏற்றம். ஒவ்வொரு ஞாயிறும் காலையில் சைக்கிளில் அதில் ஏறி, ஆன நேரத்தைச் சின்ன நோட்டில் குறித்துவைப்பார். பல வருஷமாக அது இருபது நிமிஷத்தை ஒட்டியே இருந்தது. இந்த ஆறு மாதத்தில் இருபத்தொன்று ஆகி, இருபத்திரண்டு ஆகி, போன வாரம் இருபத்து மூன்றரையில் வந்து நின்றது.

நாற்பத்தேழு வயசில் மூச்சு குறைவது சகஜம் என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குற்றவாளி வண்டிதான் என்று தீர்ப்பு எழுதிவிட்டார். முதலில் டயரை மாற்றினார், பிறகு செயின். இப்போது கார்பன் சக்கரம்.

"பழசைவிட முந்நூறு கிராம் கம்மி. இதுக்கு மேலயும் அந்தக் குன்று என்கிட்ட வாலாட்டுதான்னு பாக்கறேன்."

பெட்டியைப் பிரித்ததுமே அவளுக்குச் சிரிப்பு வந்தது. எதுவும் எதோடும் சேராது. பின் சக்கரத்தில் பல்சக்கர அடுக்கு மாட்டும் உருளை வேறு கம்பெனிக்காரர்களுடையது. அவருடைய அடுக்கு அதில் பாதிகூட ஏறவில்லை. பிரேக் தட்டு பழைய சக்கரத்தில் ஆறு திருகில் நின்றது. புதியதில் நடுவில் ஒரே மரைதான். ரிம் அகலம். பழைய இருபத்தைந்து மில்லிமீட்டர் டயரை அதில் போடக்கூடாது. இருபத்தெட்டு போட்டால், அகல ரிம்மில் விரிந்து முப்பதாக நிற்கும்.

"வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல அத்தான்?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்ப."

அது உண்மைதான். அவள் டிராயரைக் கவிழ்த்துத் தேடினாள். பொருந்துகிற உருளை ஒன்று கிடைத்தது. அச்சின் முனையை உருவி, பழையதை இழுத்து, கிரீஸ் தடவி, புதியதைச் சொருகினாள். அடுக்கு வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. பிரேக் தட்டுக்கு ஓர் இணைப்பு வளையம். டயரைப் போட்டுக் காற்றடித்து, பின் ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவே இருந்த இடைவெளியை அளந்தாள். ஒரு பக்கம் ஐந்து மில்லிமீட்டர், இன்னொரு பக்கம் நாலரை. போதும். மத்தியானம் வரை அவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, கல்யாணப் பெண்ணை ஜோடிப்பதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறி மிதிங்க. உரசுதான்னு பாத்துடலாம்."

பின் சக்கரம் ஓட ஓட வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும் ஸ்டாண்டில் அவரை ஏற்றினாள். எங்கும் உரசவில்லை. சக்கரம் சத்தமே இல்லாமல் ஓடியது. அவள் கண்தான் கீழே போனது. அவருடைய இடது குதிகால் ஒவ்வொரு சுற்றிலும் தொய்ந்து தொய்ந்து விழுந்தது. பெடலில் இருக்கும் மீட்டர் இரண்டு காலின் பலத்தையும் தனித்தனியாகக் காட்டும். போன வருஷம் நூற்றுக்கு இடது நாற்பத்தொன்பது, வலது ஐம்பத்தொன்று. இப்போது முப்பத்தேழுக்கு அறுபத்து மூன்று.

நிறுத்தச் சொல்லி, டேப்பை எடுத்துக் கெண்டைக்காலை அளந்தாள். இடது கால் வலதைவிட மூன்றரை சென்டிமீட்டர் சிறுத்திருந்தது. டேப்பை எடுக்கப் போகையில் தோலுக்கு அடியில் ஏதோ துடித்தது. ஒரு இடத்தில் நின்று, இன்னொரு இடத்தில் தொடங்கியது, உள்ளே புழு ஊர்வது போல. அவர் காலை அசைக்கவே இல்லை.

"இது எவ்வளவு நாளா?"

"அதுவா? ரெண்டு மூணு மாசமா. உப்புச்சத்து குறைஞ்சா அப்படித்தான் துடிக்கும்."

"டாக்டரைப் பாருங்க அத்தான். நிஜமான டாக்டரை."

அவர் முகம் மாறியது. "பாக்கலாம். அக்கா காதுல மட்டும் போட்டுடாத. பாடாப் படுத்திடுவா. இப்போதைக்கு இடது ஷூவுக்கு அடியில ஏதாவது வெச்சுக் குடு."

அவள் மறுக்கவில்லை. ஷூவைப் பெடலோடு பூட்டும் கொக்கிக்கு அடியில் இரண்டு மில்லிமீட்டர் தகடு ஒன்றை வைத்துத் திருகினாள். தான் பூசி மெழுகுகிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. வீட்டுக்குப் போய், தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் போனில் விவரம் சொன்னாள். கேட்டு முடித்ததும் அவர், "நரம்பு டாக்டரைப் பாக்கச் சொல்லுங்க, சீக்கிரமா," என்றார். அவள் அத்தானுக்கு மூன்று முறை போன் செய்தாள். மூன்று முறையும் "இந்த வாரம் போறேன்" என்றார். அக்காவிடம் சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தாள். இரண்டு தடவையும் வேறு எதையோ பேசிவிட்டுப் போனை வைத்தாள்.

மூன்றாவது ஞாயிறு முடிந்த மறுநாள் அவர் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"இருபத்தஞ்சு நிமிஷம் பத்து செகண்ட். பேரிங் இறுக்கமா இருக்கு, கழட்டிப் பாரு."

அவள் கழற்றவில்லை. வண்டியைத் தூக்கி நிறுத்தி, பின் சக்கரத்தை ஒரு விரலால் சுற்றிவிட்டாள். அது சுற்றியது. இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகியும் அது நிற்பதாக இல்லை.

"சக்கரத்துல ஒண்ணுமில்ல அத்தான்," என்றாள்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "சிக்னல்ல விழுந்துட்டேன்," என்றார் மெதுவாக. "இடது காலைத் திருப்பி பெடல்லேர்ந்து எடுக்க வரல. திருப்புன்னு சொல்றேன், அது திரும்பல. நின்ன வண்டியோட அப்படியே சாஞ்சேன். பஸ்ல இருந்தவங்க எல்லாம் பாத்தாங்க."

மறுநாள் அவளே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அக்காவும் வந்தாள். தசையில் ஊசி ஏற்றிச் சோதனை செய்தார்கள். நாலு நாள் கழித்து வரச் சொன்னார்கள். தசையை ஆட்டிவைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகிற நோய் என்றார் டாக்டர். அறிவு கடைசிவரை தெளிவாக இருக்கும் என்று சொன்னார், அதை ஆறுதல் என்று நினைத்தாரோ என்னவோ. இரண்டு வருஷம், மூன்று வருஷம், சிலருக்குக் கூடவும் இருக்கலாம்.

அத்தான் சர்வேயர் குரலிலேயே கேட்டார்: "அடுத்து எது போகும்?"

"கை. அப்புறம் பேச்சு, விழுங்கறது. வரிசை மாறலாம்."

அத்தான் மருந்துச் சீட்டு வாங்கப் போனபோது நடைக்கூடத்தில் அக்கா அவளை நேராகப் பார்த்தாள்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"மூணு வாரமா சந்தேகம்க்கா. அத்தான்தான் சொல்லாதன்னு..."

"மூணு வாரம்," என்றாள் அக்கா. "தினமும் மாடிப்படி ஏறி இறங்கினாரு. குளியலறைல வழுக்கினாரு. செருப்பு தேஞ்சிருக்கும்னு நான் புதுசு வாங்கிக் குடுத்தேன். நீ என்கிட்ட சமையல் பத்திப் பேசின."

முன்பே வந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்று டாக்டர் பிறகு இருவர் முன்னாலும் சொன்னார். அக்கா தலையாட்டினாள். அன்றிலிருந்து தங்கையோடு பேச்சை நிறுத்தினாள்.

அத்தான் மட்டும் கடைக்கு வந்தபடி இருந்தார், ஆட்டோவில், வண்டியை மேலே கட்டிக்கொண்டு. பூட்டும் பெடலை எடுத்துவிட்டுத் தட்டைப் பெடல் போட்டாள். இடது கை விரல்கள் மடங்காமல் போனபோது, கியர் மாற்றும் பொத்தான்களை எல்லாம் வலது கைக்கு மாற்றினாள். இரண்டு பிரேக்கையும் ஒரே பிடியில் கொண்டுவர மூன்று நாள் முட்டிமோதினாள். ஒரு பிடி தள்ளும் எண்ணெய் அழுத்தம் இரண்டு பிரேக்குக்குப் போதவில்லை. வேறு பிடி போட்டால் கியர் வேலை செய்யவில்லை. கடைசியில் ஒருவழியாக அது பிடித்தபோது, "பலே டாக்டரம்மா," என்றார். அந்த மாதமே வலது கட்டைவிரலும் போயிற்று. போட்ட பிரேக்கை அவர் ஒரு தடவைகூடத் தெருவில் பிடிக்கவில்லை.

வண்டி கடைச் சுவரில் தொங்கியது. அவள் அதன் மேல் துணி போட்டாள். மறுநாள் துணியை எடுத்தாள். எப்படி வைத்தாலும் பொறுக்கவில்லை.

ஒன்றரை வருஷம் ஆனது. ஒரு மழைநாள் காலையில் அக்கா கடை வாசலில் வந்து நின்றாள். குடையை மடக்காமலே பேசினாள்.

"நாற்காலில சரிஞ்சு சரிஞ்சு விழறாரு. இடுப்புல புண்ணு வந்துடுச்சு. ஆஸ்பத்திரில குடுத்த நாற்காலி அவருக்குச் சேரல. உனக்கு அளவெடுக்கத் தெரியும்ல?"

அவள் டேப்பையும் ஸ்பானர் பெட்டியையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

அத்தான் ஜன்னலருகே சக்கர நாற்காலியில் இருந்தார். தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. தொடை எலும்பு போர்வைக்கு மேலேயே தெரிந்தது. அவள் மண்டியிட்டு அளந்தாள். இடுப்பு அகலம், தொடை நீளம், முழங்காலிலிருந்து பாதம். எண்களை உரக்கச் சொல்வது அவள் பழக்கம். அன்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். கால் வைக்கும் பலகையை நாலு சென்டிமீட்டர் ஏற்றினாள். முதுகைச் சாய்த்தாள். தலைக்கு இரண்டு பக்கமும் பஞ்சு வைத்துக் கட்டினாள். உடம்பு நேராக நின்றது. அக்கா கீழே பார்த்தபடி, "பரவாயில்ல," என்றாள்.

அப்போது அவர் ஏதோ சொன்னார். தொண்டையிலிருந்து குழைந்து வந்த சத்தம்.

"என்ன அத்தான்?"

மறுபடி சொன்னார். அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா குனிந்து காதை அவர் வாயருகே வைத்தாள். "தண்ணியா? படுக்கணுமா? வலிக்குதா?" அவர் கண்ணை அசைத்து இல்லை என்றார். மூன்றாவது முறை இன்னும் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, கழுத்து நரம்பு புடைக்கச் சொன்னார். இருவரும் அவர் உதட்டையே பார்த்தார்கள். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

அக்கா இன்னொரு தடவை கேட்க வாயெடுத்தாள். அவர் அதற்குள் கண்ணை மூடிக்கொண்டார்.