பீப்பாய்க்கு மேல் ஒரு மேசை

சூளையிலிருந்து காலையில் வீடு திரும்பும்போது, இடுப்புக்குக் கீழே எனக்கு உடம்பு இருப்பதே வலியால்தான் தெரியும். ராத்திரி முழுக்கச் செங்கல் வண்டி தள்ளியவனுக்கு வேண்டியது இருட்டும் படுக்கையும். எங்களுக்கோ இருப்பது ஒரே அறை; அதன் மூலையில்தான் அடுப்பும். அதே நேரத்துக்கு என் மகள் இஸ்க்ராவும் ரொட்டிக்கடையிலிருந்து வந்து சேர்வாள். விடியுமுன் ரொட்டி அடுக்கும் வேலை அவளுக்கு. வந்ததும் அவளுக்கு வெளிச்சம் வேண்டும். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வில் போன கோடையில் தோற்றுவிட்டாள். இன்னும் ஒரே ஒரு தடவை என்று பேசி முடித்திருந்தோம். அதுவும் போனால் இத்தாலிக்கு, அவள் அம்மாவோடு கிழவர்களைக் குளிப்பாட்டப் போக வேண்டும். ராய்னா பல வருஷமாக அங்கே அதைத்தான் செய்கிறாள். அந்த வேலையில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் என்னுடையதும் ராய்னாவுடையதுமாக இந்த வீட்டில் இரண்டு முதுகுகள் ஏற்கெனவே போய்விட்டன. மூன்றாவதைக் கொடுக்க எனக்கு மனசில்லை.

நான் திரைச்சீலையை இழுத்துவிட்டால் அவள் புத்தகத்தோடு குளியலறைக்குள் போய்விடுவாள். கழிப்பறை மூடியில் உட்கார்ந்து, துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் நோட்டை விரித்துக்கொள்வாள். ஒருநாள் கதவைத் திறந்தபோது அதன் மேலேயே தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். இயந்திரத்தின் விளிம்பு கன்னத்தில் கோடாகப் பதிந்திருந்தது. போன காரியத்தை அடக்கிக்கொண்டு திரும்பி வந்து படுத்தேன். தூக்கம் வரவில்லை.

மிச்சமிருந்த இடம் பால்கனிதான். கண்ணாடியும் இரும்பும் வைத்து நானே அடைத்தது. பழைய டயர், உருளைக்கிழங்கு மூட்டை, மிளகாய் ஊறுகாய் சீசாக்கள் எல்லாவற்றையும் வெளியேற்றினேன். கோஸ் பீப்பாயை மட்டும் நகர்த்த முடியவில்லை. அது எங்கள் குளிர்காலச் சாப்பாடு. உப்புத் தண்ணீரில் முழுசு முழுசாக முட்டைக்கோஸ்கள் புளித்துக்கொண்டிருந்தன. எங்கள் நிலவறையில் தண்ணீர் நிற்கும்; அறைக்குள் வைத்தால் சூட்டில் கெட்டுப்போகும். ஆகவே எங்கோ கழற்றி வீசியிருந்த கதவு ஒன்றைக் கொண்டுவந்து, ஒரு பக்கம் பீப்பாய் மேலும் மறுபக்கம் செங்கல் அடுக்கின் மேலும் கிடத்தினேன். இஸ்க்ரா அதைத் தடவிப் பார்த்தாள். கைப்பிடி இருந்த ஓட்டைக்குள் பென்சில்களை நட்டுவைத்தாள்.

"அப்பா, ஆடுதே."

"ஆடினாத்தான் தூங்க மாட்டே. படி."

மேல்மாடி ஸ்தாமென் பார்க்க வந்தான். பெண்டாட்டி செத்த பிறகு அவனுக்கு ராத்திரியில் பழச்சாராயம், காலையில் தலைவலி. தலைவலிக்கு எங்கள் ஊர் மருந்து ஒரு டம்ளர் கோஸ் தண்ணீர். அவன் பீப்பாய் கீழே நிலவறையில் இருக்கிறது. ஆனால் அத்தனை படி இறங்க முட்டி விடாது என்று எங்கள் கதவைத்தான் தட்டுவான்.

"என்ன மெத்தோடி, கோஸ் மேல காலேஜ் தொறந்துட்டியாமே. ஏம்மா டாக்டரம்மா, புளிச்ச நோயாளிய மொதல்ல பாரு."

"மாமா, உங்க கல்லீரலத்தான் மொதல்ல பாக்கணும். புத்தகத்துல அதுக்குத் தனிப் பாடமே இருக்கு."

"இருக்கும், இருக்கும். பெரிய ஆளுங்களுக்குத்தான் தனிப் பாடம் போடுவாங்க."

பீப்பாய்க்கு ஒரு முறை உண்டு. அடியிலுள்ள குழாய் வழியாகத் தண்ணீரை வாளியில் பிடித்து, மறுபடி மேலே ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் மேலே பாசி பிடிக்கும், இலை கொழகொழத்துவிடும். முதலில் தினமும் செய்தேன். அவள் எழுந்து சுவரோடு ஒட்டி நிற்பாள். நான் புத்தகங்களை இறக்கி, கதவைத் தூக்கி, ஊற்றி, மறுபடி மூடி, புத்தகங்களை ஏற்றுவேன். எந்தப் பக்கம் திறந்திருந்தது என்று எனக்கு நினைவிருக்காது. அவளே மறுபடி தேடி எடுத்துக்கொள்வாள்.

பனி விழத் தொடங்கிய பிறகு அந்தப் பகல்கள் எனக்குக் கனவுபோலத்தான் கழிந்தன. படுக்கையில் கிடப்பேன். திரைச்சீலைக்கு அப்பால் வெள்ளை வெளிச்சம், அதில் அவள் நிழல். வாய்விட்டுப் படிப்பாள்: இதயத்தின் மேலறை, கீழறை, தடுக்கிதழ், பெருந்தமனி. அவள் மூச்சில் கண்ணாடி முழுக்கப் புகைந்துபோகும். அரைத் தூக்கத்தில் பால்கனி கட்டடத்திலிருந்து கழன்று, மின்நிலையத்தின் புகைபோக்கிகளைத் தாண்டி, பனிக்குள் மெதுவாக மிதந்து போவதாகத் தோன்றும். கதவு மேசையும் பீப்பாயும் அவளுமாகப் போய்க்கொண்டே இருப்பார்கள். கூப்பிட நினைப்பேன்; வாய் திறக்காது. விழித்தால் அங்கேயே இருப்பாள், மேல்கோட்டு போட்டுக்கொண்டு, விரல்களை வாயில் வைத்து ஊதியபடி.

அவள் விரல் நீலமாகிவிட்டதைப் பார்த்த அன்று, அறையிலிருந்த ஹீட்டரைப் பால்கனிக்கு உருட்டி விட்டேன். நான் இரண்டு கம்பளியில் தூங்கினேன். அந்தக் கதகதப்பில் அவள் குரல் தெளிந்தது, பக்கங்கள் வேகமாகப் புரண்டன. அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. தண்ணீர் பிடித்து ஊற்றுவதை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். சூடும் பீப்பாயும் ஒன்றாக இருக்கக்கூடாது என்பது இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஹீட்டரை உருட்டும்போது நான் பார்த்தது விரல்களை மட்டும்தான்.

ராய்னா போன் செய்தாள். "கிறிஸ்துமஸுக்கு வர்றேன். சார்மி சுருட்ட நல்ல பெரிய கோஸ் இலையா எடுத்து வை. இங்க கடைல கெடைக்கிறது கோஸா, காகிதமா தெரியல."

மறுநாள் காலை ஸ்தாமென் டம்ளரோடு நின்றான். இஸ்க்ரா பால்கனி வாசலை மறித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு வேண்டாம் மாமா."

"ஏன், ஆஸ்பத்திரி லீவா?"

"தள்ளும்மா" என்று நான் குனிந்து குழாயைத் திறந்தேன். தண்ணீர் வரவில்லை. நூல்நூலாக, சளிபோல ஏதோ இறங்கியது. பல வருஷச் செங்கல் தூசி என் மூக்கை அடைத்து வைத்திருக்கிறது. அந்த நாற்றம் அதையும் தாண்டி உள்ளே ஏறியது. கதவைத் தூக்கிக் கையை விட்டேன். கோஸ் விரலுக்கு இடையில் நனைந்த ரொட்டியாகப் பிதுங்கியது.

அப்போதுதான் கவனித்தேன். அவள் கழுத்தில் சால்வை இரண்டு சுற்று சுற்றியிருந்தது. மூக்கு மறையும்படி இழுத்துவிட வசதியாக.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்பா."

"எத்தனை நாளா?"

அவள் சால்வை நுனியை முறுக்கினாள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா ஹீட்டர எடுத்துருவீங்க. இல்லேன்னா என்னைய." தரையைப் பார்த்தபடியே சொன்னாள். "திரும்பக் குளியலறைக்குப் போனா நான் பாஸ் பண்ண மாட்டேன்பா. எனக்கே தெரியும்."

ஸ்தாமென் டம்ளரைக் கோட்டுப் பைக்குள் வைத்தான். "சரி, வாளி எங்க இருக்கு?" என்றான். படி இறங்க முட்டி விடாதவன், அழுகிய கோஸைச் சுமந்துகொண்டு நான்கு மாடி இறங்கினான். ஒவ்வொரு மாடியிலும் நின்று என் பரம்பரையைத் திட்டினான். கடைசி நடையில் தன் நிலவறையைத் திறந்து, தன் பீப்பாய்க்குள் கையை விட்டு, இறுகி மஞ்சளாக மின்னிய கோஸ்களை எங்கள் வாளிகளில் போட்டான். வேண்டாமென்று நான் சொல்லவில்லை. சொல்லும் நிலையில் இல்லை.

காலிப் பீப்பாய்க்குக் கனமில்லாததால் மேசை இன்னும் ஆடியது. சூளையில் உடைந்த செங்கல்களைக் கொண்டுவந்து அதற்குள் நிரப்பினேன். ஸ்தாமென் கொடுத்த கோஸ் வாளிகளை, சூடு படாமல், மாடிப்படி ஜன்னலுக்குக் கீழே வைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை ராய்னா விரத சார்மி செய்தாள், இறைச்சி இல்லாமல் அரிசி மட்டும் வைத்துச் சுருட்டியது. ஒன்றைக் கடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நாம இவ்வளவு உப்புப் போட மாட்டோமே."

இஸ்க்ரா தட்டைப் பார்த்தாள். ராய்னா எழுந்து பால்கனிக் கதவைத் திறந்தாள். மேசை, செங்கல், ஓட்டைக்குள் பென்சில்கள். புகைந்த கண்ணாடியில் இஸ்க்ரா விரலால் வரைந்திருந்த இதயம், நாலு அறையோடு. அதன் கோடுகள் வழியாக மட்டும் வெளியே பனி தெரிந்தது.  ராய்னா பார்த்துவிட்டு, குளிர் உள்ளே வராமல் கதவைச் சாத்தினாள்.

"யாரோட கோஸ்?"

"ஸ்தாமெனோடது."

"எவ்வளவு?"

"அரைப் பீப்பாய். வர்ற அக்டோபர்ல திருப்பித் தரணும்."