மூன்று பியூஸ் கட்டைகள்

நான்காவது செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு சொல்லிவிட்டு என் வீட்டுக்காரியோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் இடது மார்பில் பட்டாணி அளவில் இருந்த கட்டி இப்போது கோலிக்குண்டு அளவுக்கு வந்திருந்தது.

புற்றுநோய் டாக்டரிடம் போக பஸ்ஸில் ஒன்பது மணி நேரம். அதனால் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு டிவி மாட்டி, செவ்வாய்தோறும் பத்திலிருந்து பதினொன்று வரை அவர் அதில் பார்ப்பார் என்றார்கள். மூன்று வாரமும் அவள், "நான் வாயைத் திறந்ததும் டாக்டர் மறைஞ்சிடுறார்" என்றபடி திரும்பினாள். "நீ வாயைத் திறந்தா எவன் நிப்பான்?" என்று கேலி செய்தேன். நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இன்றும் டாக்டர் வந்தார். "கையைத் தூக்குங்கம்மா."

அவள் தூக்கினாள். வெளியே ஓர் உறுமல். விளக்கு மங்கி டிவி இருண்டது. தூக்கிய கையோடு அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அந்த உறுமலை எனக்குத் தெரியும். ரோட்டுக்கு எதிரே கல் உடைக்கும் கிரஷர். பத்து மணிக்கு அதன் சுவிட்சைப் போடுவது பதினோரு வருடமாக நான்தான். இன்று எனக்குப் பதில் என் மச்சான். மூன்று செவ்வாயும் டாக்டரை அணைத்தது என் கை.

"ரெண்டுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர்ண்ணே," என்றாள் நர்ஸ். "அது ஓடினா இங்க கரண்ட் படுத்துடும். பேட்டரி கேட்டு எட்டு தடவை எழுதிட்டேன். ரிப்பன் வெட்ட நாலு கார் வந்துச்சு. பேட்டரி கொண்டுவர ஒரு சைக்கிள்கூட வரல."

கம்ப்யூட்டரில் என் வீட்டுக்காரியின் பெயருக்கு நேரே நான்காவது முறையாக 'பார்த்தாயிற்று' என்று விழுந்திருந்தது. டாக்டர் முகம் வந்தாலே அது தானாகப் போட்டுக்கொள்ளுமாம். பார்த்தாயிற்றாம்! யாரை யார் பார்த்தது?

ரோட்டைத் தாண்டி ஓடினேன்.

"உங்க அக்காவை டாக்டர் பாக்கணும். நிறுத்துடா."

மச்சான் மறுபேச்சுப் பேசாமல் நிறுத்தினான். யாரும் மறுபடி ஓட்டாதபடி மூன்று பியூஸ் கட்டைகளையும் உருவிப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன். சூப்பர்வைசர் பின்னாலேயே இரைக்க இரைக்க வந்தார்.

"யோவ், ஏழு லாரி நிக்குது. பொம்பளைக்கு ஒரு கட்டி வந்தா கிரஷரையே நிறுத்துவியா?"

"நிறுத்திட்டேனே. அப்புறம் என்ன கேள்வி?"

உள்ளே டிவிக்கு மறுபடி உயிர் வந்தது. டாக்டர் அவளைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு அதட்டினார். "ஏம்மா இவ்வளவு நாள் விட்டீங்க?"

"நாலு வாரமா உங்க முன்னாலதான் சார் உக்காந்திருக்கேன்."

அவர் ஒரு சீட்டில் அவள் பெயரை எழுதிக்கொண்டார். "வியாழக்கிழமை இங்க என் ஆஸ்பத்திரிக்கு வாங்க. ஊசியில சதை எடுத்துப் பாக்கணும். நானே சொல்லிவைக்கிறேன்," என்றவர் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று தாண்டியிருந்தது. "அடுத்தவங்களை அனுப்புங்க."

வெளியே பெஞ்சில் இன்னும் ஐந்து பேர். இரண்டு பேர் எங்கள் குவாரியில் கல் சுமப்பவர்கள். ஒருத்தி வாய்ப்புண்ணைத் துணியால் மூடியிருந்தாள்.

"நாளையிலேர்ந்து உனக்கு வேலை இல்ல, தெரியுமா?" என்றார் சூப்பர்வைசர்.

"நாளையிலேர்ந்துதானே? இன்னிக்கு இருக்குல்ல?"

"கட்டையை எப்ப தருவே?"

"பெஞ்சு காலியானதும்."