சார்ட் அக்காவும் மூன்று கோப்புகளும்

பேருந்து டிப்போவில் டூட்டி சார்ட் போடுபவளை ஓட்டுநர்கள் எல்லாரும் சார்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். நூற்றுப் பதினெட்டு ஓட்டுநர்கள், அறுபத்து நான்கு வண்டிகள். யார் எந்த வண்டியை எந்தத் தடத்தில் எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுடைய கணினியில் ஒரே கோப்பில் இருந்தது. ஒன்பது வருடமாகப் பார்த்துப் பார்த்து அமைத்தது. எட்டு மணி நேர ஓய்வு முடியாத ஒருவருக்கு டூட்டி போட்டால் அவர் பெயர் இருக்கும் கட்டம் தானாகச் சிவந்துவிடும். உடனே ஆளை மாற்றிவிடுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. திங்கள் முதல் டிப்போக்கள் எல்லாம் புது மென்பொருளுக்கு மாற வேண்டும், கோப்புகளை சி.எஸ்.வி. வடிவில் சேமித்துக்கொள்ள வேண்டும். ‘எதில் வேண்டுமானாலும் திறக்கும்’ என்று கணினி அதிகாரி அடிக்கோடு வேறு போட்டிருந்தார்.

சனிக்கிழமை காலை முதல் வேலையாக, அவள் கோப்பின் பிரதி ஒன்றை எடுத்து அதைச் சொன்னபடியே சேமித்தாள். மூடினாள். புது மென்பொருளில் திறந்தாள்.

கோப்புக்குள் இருந்த மூன்று ஷீட்டுகளில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. சி.எஸ்.வி. வெறும் எழுத்தையும் எண்ணையும்தான் தூக்கி வந்திருந்தது; சூத்திரங்கள் இல்லை. சிவப்பு இல்லை. ஸ்டேஷன் வழியாகப் போகும் 7, ஆஸ்பத்திரி வழியாகப் போகும் 07 இரண்டும், முன்னாலிருந்த பூஜ்யம் காணாமல் போய், ஒன்றாகிக் கிடந்தன. 5-2 என்ற தடம் இருந்த இடத்தில் ஒரு தேதி.

டிரிப் முடித்துக் கையெழுத்துப் போட வந்த ஓட்டுநர் ஜன்னலில் தலையை நீட்டினார். அவளுடைய கணவர்தான்.

“எனக்கு நாளைக்கு எங்க?”

“பிப்ரவரி அஞ்சாம் தேதியில ஓட்டணும்.”

“அந்த ரூட்ல எத்தனை ஸ்டாப்பு?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏங்க, நானே தலையைப் பிச்சுக்கிட்டு இருக்கேன். நீங்க போய்ச் சாப்பிடுங்க.”

அவர் போகவில்லை. பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு தடமாகப் பழைய அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டார். அடுத்து, பழைய மென்பொருளின் எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ். கோப்பையே புதியதில் திறந்தார்கள். எல்லாம் வந்தது. ஆனால் அங்கேயே திருத்தி, சேமித்து, மறுபடி திறந்தபோது நான்கு கட்டங்கள் சிவக்க மறுத்தன. மூன்றாவதாக, புது மென்பொருளின் சொந்த வடிவமான ஓ.டி.எஸ். அதில் பத்துத் தடவை சேமித்துத் திறந்தாள். வேண்டுமென்றே கணவருக்கு ஓய்வே இல்லாமல் டூட்டி போட்டுப் பார்த்தாள். கட்டம் பளீரென்று சிவந்தது.

“என்னைக் கொன்னுதான் கண்டுபிடிக்கணுமா?” என்றார் அவர்.

அன்று மதியம் டிப்போ மேனேஜர் அந்தக் கடிதத்தையும், மூன்று சோதனைகளையும் அச்சிட்டு அவள் நீட்டிய தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மேலிடத்து உத்தரவும்மா. எப்படி மீறுறது?”

“மீறல சார். புது சாஃப்ட்வேருக்குத்தான் மாறுறோம். தினசரி வேலை ஓ.டி.எஸ்.ல. ஹெட் ஆபீஸ்ல இன்னும் பழசுதான் இருக்கு, அவங்களுக்கு எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ்.ல ஒரு காப்பி. போர்டுல ஒட்ட பி.டி.எஃப். இந்த சி.எஸ்.வி.யை நம்பினா திங்கக்கிழமை வண்டி கிளம்பாது சார்.”

“தப்பாச்சுன்னா உன் தலைதான் உருளும்.”

“சரியாச்சுன்னா?”

மேனேஜர் பேனாவைத் திறந்தார். கையெழுத்து வந்தது.

திங்கள் காலை அறுபத்து நான்கு வண்டிகளும் குறித்த நேரத்தில் கேட்டைத் தாண்டின. அவள் கேட்டருகே நின்று ஒவ்வொன்றாக எண்ணினாள். கடைசி வண்டி திரும்பி மறைந்ததும்தான் மூச்சு சீரானது. அறைக்குள் வந்தால் தொலைபேசி அலறிக்கொண்டிருந்தது.

பக்கத்து டிப்போ கிளார்க். அழாத குறை. “அக்கா, ரூட்டு பூரா தேதியா இருக்கு. டிரைவருங்க எல்லாம் சாவியோட நின்னு கத்துறாங்க. பழைய ஃபைலை அழிச்சிட்டேன்க்கா!”

“பதறாதீங்க. போன வாரம் ஆள் மாத்துறதுக்காக எனக்கு மெயில்ல அனுப்புனீங்களே, அது என்கிட்ட இருக்கு. அஞ்சு நிமிஷம்.”

நான்கே நிமிடத்தில் ஓ.டி.எஸ். ஆக்கி அனுப்பினாள். அதற்குள் அடுத்த அழைப்பு, அதற்கடுத்தது. பழைய கோப்பு இருந்தவர்கள் அதை அனுப்பினார்கள், அழித்துவிட்டவர்களுடையது அவள் மெயிலில் கிடைத்தது. மதியத்துக்குள் ஐந்து டிப்போக்களின் சார்ட்டுகள் அவள் மேஜையிலிருந்து உயிர் பெற்றுப் போயின.

மூன்று மணிக்குக் கணினி அதிகாரியே நேரில் வந்தார். கோப்பைத் திறக்கச் சொன்னார், ஒரு பெயரை மாற்றிக் கட்டம் சிவப்பதைப் பார்த்தார், திரும்ப மாற்றினார்.

“அந்தக் கடிதத்தை நான்தாம்மா எழுதினேன். திறக்குமான்னு மட்டும் பார்த்தேன். திறந்தா உள்ள என்ன இருக்கும்னு பார்க்கல.”

“நீங்க சார்ட் போட்டதில்லையே சார்” என்றாள் அவள். குத்தலாக இல்லை.

மறுநாள் புது உத்தரவு வந்தது. அவள் மேனேஜரிடம் சொன்ன மூன்று வரிகளும் அப்படியே இருந்தன. கீழே, எல்லா டிப்போ கிளார்க்குகளும் புதன்கிழமை இந்த டிப்போவுக்கு வந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்றிருந்தது. மேனேஜர் அதை உரக்கப் படித்தார். ஓய்வறையில் இருந்த ஓட்டுநர்கள் மேஜையைத் தட்டிய தட்டில் தண்ணீர்க் குவளைகள் குதித்தன. எல்லாரையும்விட அதிகமாகத் தட்டிய அவள் கணவருக்கு அப்போது டூட்டிக்கு நேரமாகிவிட்டிருந்தது.

“தட்டினது போதும், வண்டியை எடுங்க” என்றாள் சார்ட் அக்கா. சிரித்துக்கொண்டே அவர் ஓடினார்.