எண்ணெய்ச் சருமத்துக்கு ஆவி

என் பார்லர் நாற்காலியில் உட்கார்ந்த தங்கையின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன.

"இவளுக்கு வறண்ட சருமம்க்கா, லேசா தட்டினாலே சிவந்துடுது. தினமும் பூசுற மாதிரி ஏதாவது குடுங்க," என்று பல்லைக் காட்டினான் அவள் புருஷன்.

ஆவி இயந்திரத்தின் முன்னால் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். "குடுக்கறேன் மாப்பிள்ளை. முதல்ல நீங்க உக்காருங்க. உங்களுக்கு எண்ணெய் வழியுற சருமம், நல்லா ஆவி பிடிக்கணும்."

இளித்துக்கொண்டே உட்கார்ந்தான். பின்மண்டையைப் பிடித்து, ஆவி சீறும் குழாயில் அவன் முகரையை அழுத்தினேன். அலறினான். உதைத்த உதையில் தட்டு கவிழ்ந்து புட்டிகள் நொறுங்கின. நான் விடவில்லை.

தங்கை எழுந்து ஓடிவந்தாள். தடுக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். என் கையை விலக்கிவிட்டு, அந்தப் பின்மண்டையைத் தானே அழுத்திப் பிடித்தாள்.

"இத தினமும் செய்யணுமாக்கா?"