எக்காளப்பூவுக்குக் கவ்வாத்து

அருள்மணியின் கையில் கத்தியைக் கொடுத்துவிட்டால் காது கேட்காமல் போய்விடும். ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டியே தலை நரைத்தவர். ஓய்வு பெற்று அலுவிகாரையில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு வந்த பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. வேலிச் செம்பருத்தியும் தப்பவில்லை, கறிவேப்பிலையும் தப்பவில்லை.

அவருடைய மனைவி கெத்தரினுக்கு வெட்டத் தெரியாது, வளர்க்கத்தான் தெரியும். நுவரெலியாவில் தங்கை ஜெனிஸ்டா வீட்டு வாசலில்தான் அவள் அந்தப் பூவை முதலில் பார்த்தாள். ஊமத்தை இனம்தான். ஆனால் ஊமத்தை போல வானத்தைப் பார்த்து நிற்காமல், சாண் நீளத்துக்கு வெள்ளை வெள்ளையாகத் தலைகீழாகத் தொங்கியது. பொழுது சாய்ந்ததும் அதன் மணம் கேட்காமல் கொள்ளாமல் வீட்டுக்குள் வந்துவிட்டது.

"றெக்க வச்ச சம்மனசுங்க ஊதுற எக்காளம் மாதிரி இல்லக்கா?" என்றாள் ஜெனிஸ்டா.

கெத்தரின் ஒரு குச்சியை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.

குச்சி பிடித்துக்கொண்டது. அரிசி கழுவிய தண்ணீர், காய்ந்த சாணம், வெயிலில் இலை துவண்டால் மத்தியானமும் ஒரு வாளி. இலைக்கு அடியில் பூச்சி வந்தால் ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டுச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினாள். நஞ்சுச் செடி ஆயிற்றே. வருசத்துக்கொரு தடவை அருள்மணி இடுப்பளவுக்கு மட்டம் வைத்து வெட்டிக் கொடுத்தார். வெட்டினால் தழைக்கும் என்பது தோட்டத்தில் பிறந்த யாருக்குத்தான் தெரியாது? கெத்தரினே கிளைகளைக் கூட்டி அள்ளிப் போட்டாள்.

செடி தளதளவென்று நின்றது. பூ மட்டும் வரவில்லை. அடுத்த வருசமும் வரவில்லை, அதற்கடுத்த வருசமும் வரவில்லை.

காரணம் யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது. பிள்ளை பெறாதவள் கை. தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருந்த காலத்தில் பூசணி விதை ஊன்றக்கூட அவளை விடமாட்டார்கள். "நீ ஒதுங்கிக்க புள்ள, நாங்க போட்டுக்கிறோம்" என்று மெதுவாகத்தான் சொல்வார்கள். அந்த மெதுவில்தான் அவளுக்கு அதிகம் வலித்தது. அந்தப் பேச்செல்லாம் மலையோடு போய்விட்டது என்று நினைத்திருந்தாள். இப்போது இந்தச் செடியும் அதையே சொல்கிறது.

"இத நூருன்னிஸாவுக்குக் குடுத்துரப்போறேன்" என்றாள் ஒரு நாள்.

"ஏன், நல்லாத்தானே நிக்குது?"

"ராசியான கைக்குப் போகட்டுங்க. என்கிட்ட இருந்தா அதுவும் என்ன மாதிரியே நின்னுரும்."

அருள்மணி செடியின் தழையைத் தடவிப் பார்த்தார்.

பின்வீட்டு நூருன்னிஸா மண்வெட்டியோடு வந்தாள். அந்தூரியமும் ரோஜாவும் போட்டிபோட்டுப் பூக்கும் வாசல் அவளுடையது. செடியைச் சுற்றி வந்தவள் இடுப்பில் கை வைத்தாள்.

"யா அல்லாஹ், யாரு இத இப்படி மொட்டையடிச்சது?"

"மொட்டையா? இது கவ்வாத்துங்க!" அருள்மணிக்கு ரோஷம் வந்துவிட்டது. "மட்டத்தப் பாருங்க. வருசா வருசம் நான்தான் வெட்டுறேன்."

"அண்ணே, இது ஒத்தத் தண்டா ஆளுயரம் போயி கவையாப் பிரியணும். அந்தக் கவைக்கு மேலதான் மொட்டு வைக்கும். நீங்க வருசா வருசம் அதுக்குக் கீழயே வெட்டுனா, பாவம், அது முதல்ல இருந்துல்ல ஏறி வரணும்? எப்பப் பூக்கும்?"

அருள்மணி குனிந்து தன் வெட்டைப் பார்த்தார். தேயிலை பூத்தால் கெட்டது என்று சொல்லித்தான் அவரைத் தோட்டத்தில் வளர்த்தார்கள். பூக்க விடாமல் கொழுந்து எடுக்கத்தான் அந்த வெட்டே. அந்த வித்தையை எல்லாம் ஆசை ஆசையாகப் பெண்டாட்டியின் செடியில் காட்டியிருக்கிறார் மனுசன். நியாயமாகப் பார்த்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு கிடைத்திருக்கக்கூடாது.

ஏச்சு வாங்கத் தயாராக அவர் திரும்பினார். கெத்தரின் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப... என் கையில ஒண்ணும் இல்லையா?"

"உன் கைக்கு என்ன புள்ள? எல்லாம் என் கத்தி செஞ்ச வேல."

அவள் அழுதாள். செடிக்காக மட்டும் அழவில்லை என்று அங்கிருந்த இரண்டு பேருக்கும் தெரியும். நூருன்னிஸா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். செடியை யாரும் தோண்டவில்லை.

அதன் பிறகு அருள்மணி அந்தப் பக்கமே போகவில்லை. செடி ஆளுயரத்தில் இரண்டாகப் பிரிந்து, கூரை ஓடு வரைக்கும் ஏறி, பச்சை விரல் போல மொட்டு விட்டது. ஒரு சாயந்திரம் முதல் பூ விரிந்தபோது மணம் வேலி தாண்டிப் போயிற்று. அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டே நூருன்னிஸா வந்து சேர்ந்தாள்.

"அக்கா, என் மக நுஸ்லா புள்ளையத் தூக்கிக்கிட்டுப் புது வீட்டுக்குப் போறா. அவளுக்கு இதுல ஒரு குச்சி வேணுமாம்."

"இருங்க, நான் வெட்டித் தாரேன்" என்று அருள்மணி எழுந்தார்.

"நீங்க உக்காருங்கண்ணே, புண்ணியமாப் போகும்!" நூருன்னிஸா சிரித்துவிட்டுக் கெத்தரின் பக்கம் திரும்பினாள். "அக்காவே வந்து ஊனித் தரணுமாம். முதல் செடி உங்க கையாலதான் வைக்கணும்னு நிக்கிறா."

கெத்தரின் தன் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அறுபது வயதுக்குள் இப்படி ஒரு வார்த்தையை யாரும் அவளிடம் சொன்னதில்லை.

"கைப்புள்ள இருக்கிற வீடு. எட்டாத இடமாப் பாத்துத்தான் வைக்கணும்" என்றாள். "நானே வர்றேன். என்ன விட்டுட்டு யாரும் ஊனிறாதீங்க."