வாத்துக் குஞ்சின் நடை

லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு கார்ட்டூன் ஸ்டுடியோவில் மை தீட்டும் பிரிவில் இருந்தேன். எங்கள் படங்களில் வரும் வாத்துகளை எல்லாம் ஆர்வில்தான் வரைவார். மேசையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வைத்திருப்பார். வாத்துக்குக் கோபம் வரவேண்டுமென்றால் முதலில் இவர் அதில் மூஞ்சியைச் சுளித்துப் பார்த்துக்கொள்வார்.

அவருடைய மகள் டாட்டி ஏழு வயதில் இறந்துபோனாள். போலியோவில் கால் சூம்பி, இரும்புப் பட்டை மாட்டி நடந்த பிள்ளை. உயிரோடு இருந்தவரை, ஸ்டுடியோவே கதியென்று கிடந்த மனுஷன் அவளை ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பார்த்தார். பார்த்தாலும், "நேரா நடம்மா" என்பார். முடிந்தால் நடக்கமாட்டாளா? எனக்கு அவர்மேல் கோபம்தான்.

அடுத்த படத்தில், டாட்டி கட்டுவதுபோலவே மஞ்சள் ரிப்பன் கட்டிய வாத்துக் குஞ்சு ஒன்று வந்தது. பென்சில் தாள்களை என் முன்னால் சரசரவெனப் புரட்டிக் காட்டினார். இடது கால் இழுக்க, தோள் முன்னால் சாய, டாட்டியேதான் நடந்தாள். இன்னொரு முறை புரட்டச் சொன்னேன்.

"லெனோர்கிட்ட மூச்சு விடாத, மேபெல். தியேட்டர்ல பாக்கட்டும். பொண்ண நானும் பாத்துட்டுதான் இருந்தேன்னு அவளுக்குத் தெரியணும்" என்றார்.

லெனோர் அவர் மனைவி.

கோடுகளைத் திருத்திச் சுத்தமாக்கும் செஸ்டரிடமிருந்து தாள்கள் என் மேசைக்கு வந்தன. குஞ்சு சிப்பாய்போல் நிமிர்ந்து நடந்தது. ஓடினேன்.

"என்னய்யா பண்ணி வச்சிருக்க?"

"காலெல்லாம் கோணலா கெடந்துச்சு. பாவம், துக்கத்துல கை தடுமாறியிருக்கு. மேலிடத்துக்குத் தெரியாம நானே சரி பண்ணிட்டேன்" என்றான் செஸ்டர். நல்ல மனசுதான், நாசமாய்ப் போக. பழைய தாள்கள் அன்று காலையே குப்பை வண்டியில் போயிருந்தன.

ஆர்வில் மறுபடி வரைந்து பார்த்தார். வாத்து நொண்டியது, டாட்டி வரவில்லை. படத்தைக் கொடுக்கவேண்டிய நாள் வந்தது, செஸ்டர் நிமிர்த்திய குஞ்சோடே வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

தியேட்டருக்கு வராதே என்று லெனோரிடம் சொல்லிப் பார்த்தார். விளம்பரத்தில் அந்த ரிப்பனைப் பார்த்துவிட்டவள் கேட்பாளா? எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். குஞ்சு நடந்ததும் அவள் முகம் செத்துவிட்டது.

"கால நிமித்திட்டியா, ஆர்வில்?" என்றாள். "'அப்பாவுக்கு என் நடை பிடிக்காதும்மா'ன்னு சொல்லிட்டே இருப்பா. நான்தான் இல்லவே இல்லன்னு சத்தியம் பண்ணேன்."

ஆர்வில் வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது.

"அவர் அவ நடையத்தான் வரைஞ்சார், லெனோர். நான் கண்ணால பாத்தேன்" என்றேன்.

"அப்ப காட்டு."

காட்ட எங்களிடம் ஒன்றுமே இல்லை.