முருகம்மாளின் மெட்டு கேட்ட நாள்

முருகம்மாள் பிறந்து பத்து வருஷம் ஆகியும் அவளுக்கு ஒரு வயது முடியவில்லை. நான்கு பல் முளைத்திருந்தது. ஐந்தாவது ஈறுக்குள் வெள்ளையாகத் தெரிந்துகொண்டே இருந்ததே தவிர வெளியே வந்த பாடில்லை. தவழ்வாள், சுவரைப் பிடித்து நிற்பாள், கையை விட்டால் பொத்தென்று உட்கார்ந்து சிரிப்பாள். பெற்றவள் சோணையம்மாள் அத்தனை வருஷமும் அவளை இடது இடுப்பிலேயே வைத்திருந்ததில் உடம்பே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. வயலுக்குப் போனாலும் இடுப்பில், தண்ணீருக்குப் போனாலும் இடுப்பில். அவளுக்குப் பின்னால் பிறந்த தம்பி கருப்பு அக்காளைத் தாண்டி வளர்ந்து மாடு மேய்க்கப் போய்விட்டான்; சாயங்காலம் வந்ததும் "பாப்பா, அண்ணங்கிட்ட வா" என்று அவளைத் தூக்கிக் கொஞ்சுவான். ஊரில் யாரும் இதை நோய் என்று சொல்லவில்லை. பிள்ளைக்குப் பிறந்தநாள் வரவில்லை, அதனால் வயது வரவில்லை, அவ்வளவுதானே என்றார்கள்.

திருவாதவூர்க் கீழத்தெருவில் அப்போது நடைமுறை அப்படி. வருஷத்துக்கு ஒரு தடவை, அவரவர் பிறந்த மாதத்தில் பிறந்த நட்சத்திரத்தன்று, அவரவர் வீட்டுக் கூரையிலிருந்து ஒரு மெட்டு கேட்கும். விடிகிறபோது ஆரம்பித்து வெயில் ஏறுகிறவரை நிற்காது. வாசிப்பது யார் என்று ஏணி வைத்து ஏறிப் பார்த்தவர்கள் ஓலையையும் பல்லியையும் தவிர ஒன்றையும் பார்க்கவில்லை. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது தாய் எந்த மெட்டை முணுமுணுத்தாளோ அந்த மெட்டுதான் பிள்ளைக்கு வாய்க்கும். அதைத் தன் காதால் கேட்டால் ஒரு வயது கூடும், கேட்காவிட்டால் கூடாது. பேயாண்டிக்கு ஐப்பசியில் உறுமி. எதிர்வீட்டுச் செல்லக்கிளிக்குப் புரட்டாசியில் புல்லாங்குழல். பண்ணைக் காவலாளி கருத்தக்கண்ணனுக்கு வெறும் ஜால்ரா, பாவம். அவன் தாய்க்குப் பாடுகிற நேரமே கிடைக்கவில்லை. பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர் அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை, தேவையும் இல்லை. உலகத்து விஷயங்களையும் அவர்கள் இப்படித்தான் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரன் ஜெர்மன்காரனோடு போட்ட பெரிய சண்டை முடிந்த சேதி பேயாண்டியின் உறுமி கேட்ட வாரத்தில் வந்தது. மதுரையில் காந்தி மேல்சட்டையைத் துறந்த சேதி செல்லக்கிளியின் குழலோடு வந்தது. ஆகவே கீழத்தெருவில் அது செல்லக்கிளிக்கு நாலு வயது முடிந்த நாள், காந்தியும் அன்றைக்குச் சட்டையைக் கழற்றினார், அப்படித்தான் சொல்வார்கள்.

கேட்காவிட்டால் வயது கூடாது என்பதில் சந்தேகப்பட்டவர்களுக்கு விருமாண்டி போதும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய் ஆறு வருஷம் கழித்துத் திரும்பியவன், போன அன்றைக்கு இருந்த அரும்பு மீசையோடு அப்படியே வந்து இறங்கினான். அவன் போனபோது ஒரு வயது இளையவளாக இருந்த பெண்டாட்டி இப்போது அவனைவிட ஐந்து வயது மூத்தவளாகியிருந்தாள். தை மாதம் அவன் வீட்டுக் கூரை பாடியதும் நண்பகலுக்குள் ஆறு வருஷமும் வரிசையாக வந்து சேர்ந்தன. காலையில் சிரைத்த முகத்தில் மத்தியானம் தாடி தொங்கியது. பெண்டாட்டிக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

முருகம்மாள் விஷயத்தில் தெரியாமல் போனது ஒன்றுதான். மெட்டு கூரையிலிருந்து வருவதில்லை, பிறந்த இடத்திலிருந்து வருகிறது. கீழத்தெருவில் எல்லாரும் அவரவர் வீட்டுக்குள்ளேயே பிறந்து தொலைத்ததால் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க யாருக்கும் வாய்ப்பே அமையவில்லை. முருகம்மாளோ மதுரையில் பிறந்தவள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பது, ஆனி மாதம். நிறைமாதக்காரி சோணையம்மாள், நான் சும்மா இருந்தால் காலெல்லாம் வீங்குது என்று அடம்பிடித்து, புருஷன் பால்பாண்டியின் வைக்கோல் வண்டியில் ஏறிப் போனாள். தெற்குச் சித்திரை வீதியில், மீனாட்சி கோவில் மதில் ஓரமாக வண்டியை நிறுத்தி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது வலி எடுத்துவிட்டது. பூ விற்ற பெண்கள் நாலு பேர் சேலையை விரித்து மறைத்தார்கள். மாடுகள் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் வைக்கோல் மேல் பிள்ளை கிடந்தது. கோபுரத்தை அண்ணாந்து பார்த்து அங்கிருந்தே கும்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார்கள். உள்ளே போக அவர்களுக்கு அப்போது அனுமதி கிடையாது.

அடுத்த ஆனியில் சோணையம்மாள் வீட்டை மெழுகி, கூரைக்குப் புது ஓலை போட்டு, மாதம் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அதற்கடுத்த ஆனியிலும் இல்லை. தாய் பாடியிருக்க மாட்டாள் என்று யாரோ சொல்ல, அவளுக்கு வந்ததே ஆத்திரம். "நான் பாடலையா? நாத்துக் கட்ட எடுத்ததுலருந்து நடவு முடிச்சு கரையேறுற மட்டும் பாடுனேன். வேணும்னா வயலக் கேளு" என்றாள். உண்மைதான். அந்த நடவு மெட்டு அவளாகவே கட்டியது; ஏறிக்கொண்டே போய், உச்சியில் ஒரு குலவையில் குதித்து, சிரித்துக்கொண்டே இறங்குகிற மெட்டு. சுற்றுப்பட்டு வயல்களில் எந்தப் பெண் பாடினாலும் இது சோணை மெட்டு என்று சொல்லிவிடுவார்கள். பிள்ளைக்கு அவள் அதைத்தான் தினம் பாடினாள். தாய் வாயால் பாடுவது கணக்கில் சேராது போலிருக்கிறது, பிள்ளை தலையாட்டிச் சிரித்ததோடு சரி.

வெளியே சிரித்துக்கொண்டு திரிந்தாலும் சோணையம்மாளுக்கு உள்ளுக்குள் ஒரே பயம். தனக்கு மட்டும் ஆண்டுக்கு ஒரு வயது தவறாமல் கூடிக்கொண்டிருந்தது. பங்குனியில் தன் மெட்டு கேட்கத் தொடங்கினால் காதைப் பொத்திக்கொண்டு கண்மாய்ப் பக்கம் ஓடிப் பார்த்தாள்; கண்மாய் வரைக்கும் அது கேட்டது. "நான் கிழவியாகிச் செத்துப் போனா இவள யாரு இடுப்புல வச்சிக்கிருவா? எம்புட்டு நாளைக்கு வச்சிக்கிருவா?" என்று புருஷனிடம் கேட்டு அழுதாள்.

அப்புறம் முப்பத்தொன்பதாம் வருஷம் வந்தது. ஜூலை எட்டாம் தேதி, சனிக்கிழமை, காலங்காலமாக வெளியிலேயே நிறுத்தப்பட்டிருந்த ஜனங்களில் சிலர் மீனாட்சி கோவிலுக்குள் நடந்து போனார்கள். அன்றைக்குப் பேயாண்டி ஏதோ வேலையாக மதுரைக்குப் போயிருந்தான்; விஷயம் கேள்விப்பட்டு வாசலில் கூடிய கூட்டத்தில் அவனும் நின்றான். உள்ளேயிருந்து பிரமாதமாக ஒரு வாத்தியச் சத்தம் கேட்டதாம். உள்ளே போனவர்கள் அதை வெளியில் நின்றவர்கள் ஏற்பாடு செய்ததாக நினைத்தார்கள், வெளியில் நின்றவர்கள் கோவில்காரர்கள் செய்ததாக நினைத்தார்கள், கோவில்காரர்கள் வருஷா வருஷம் போலவே யார் செய்தார்கள் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேயாண்டி மட்டும் ஒன்றும் நினைக்காமல் பிடரியில் கால் பட ஊருக்கு ஓடிவந்தான்.

"சோணக்கா, ஒன் மெட்டுக்கா. நடவு மெட்டு. உள்ள, தண்ணிப் பக்கமிருந்து வருது. அந்தக் குலவ எடத்துல எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு."

சோணையம்மாள் மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். பிறந்த இடத்தை நினைத்தாள். மதிலுக்கு இந்தப் பக்கம் வைக்கோல், அந்தப் பக்கம் பொற்றாமரைக் குளம். வண்டிச் சத்தமும் ஆள் சத்தமும் இருக்கிற வீதியில் பிள்ளையின் மெட்டுக்கு இடம் பிடிக்கவில்லை போலிருக்கிறது, மதிலேறி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. "அடி என் சக்களத்தி, பத்து வருசமா நீ மட்டும் உள்ள போயி வந்தியாக்கும்" என்று பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி, அழுதுகொண்டே சிரித்தாள்.

வாக்குவாதம், வழக்கு, சட்டம் எல்லாம் ஒருவழியாக ஓய்ந்து, எல்லாரும் போகலாம் என்று ஆனபோது அந்த வருஷத்து ஆனி கடந்துவிட்டது. அடுத்த ஆனிக்குக் காத்திருந்தார்கள். பால்பாண்டி பஞ்சாங்கம் தெரிந்த ஒருவரிடம் போய், பேயாண்டி மெட்டுக் கேட்ட அந்தச் சனிக்கிழமை என்ன நட்சத்திரம் என்று கேட்டு வந்தான். உத்திரட்டாதி. கீழத்தெருவில் எந்தக் கூரையும் நட்சத்திரம் தப்பிப் பாடியதில்லை. ஆகவே நாற்பதாம் வருஷம் ஆனி உத்திரட்டாதியன்று சோணையம்மாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முதல் தடவையாகக் கோபுர வாசலுக்குள் காலெடுத்து வைத்தாள். உள்ளே கல் இவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. குளத்துப் படியில் உட்கார்ந்தாள். வெயில் ஏறியது, நடை சாத்தினார்கள், மறுபடி திறந்தார்கள். ஒரு முணுமுணுப்புக்கூடக் கேட்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் பிள்ளையின் தலையில் முகத்தை வைத்து விசும்பத் தொடங்கினாள்.

தினமும் குளத்தைச் சுற்ற வருகிற ஜகதாம்பாள் என்கிற அம்மாள் அதைப் பார்த்தாள். வடக்காவணி மூல வீதியில் குடியிருப்பவள். புருஷர் விஸ்வேஸ்வரன் கலெக்டர் ஆபீசில் குமாஸ்தா. "காத்தாலேருந்து பாக்கறேன், எதுக்கும்மா இப்படி ஒக்காந்துண்டு அழறே?" என்று கேட்டாள். சோணையம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். கூரைகளைப் பற்றி, விருமாண்டியைப் பற்றி, மதிலைப் பற்றி. சந்தேகம் வந்துவிடக் கூடாது என்று மெட்டையும் மெல்லப் பாடிக் காட்டினாள். ஜகதாம்பாளின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

விஷயம் இதுதான். ஜகதாம்பாளுக்குக் கல்யாணமானது முப்பத்தொன்றாம் வருஷம் ஜூலை எட்டாம் தேதி. சுவாமி கும்பிட மாலையும் கழுத்துமாக வந்தபோது குளத்திலிருந்து இந்த மெட்டு எழும்பியது. புருஷர் ஆபீஸ் மனிதராகையால் கல்யாண நாளையும் இங்கிலீஷ் தேதிப்படிதான் கொண்டாடுவார். வருஷா வருஷம் அதே தேதிக்கு வந்தார்கள், வருஷா வருஷம் அதே மெட்டு. அம்பாளே தனக்கென்று பாடுகிறாள் என்று அவள் ஒன்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தாள். அண்டை வீட்டுப் பெண்களிடம் அதைச் சொல்லி வயிற்றெரிச்சலும் கிளப்பியிருந்தாள். இப்போது படியில் உட்கார்ந்து, நாலு பல் காட்டிச் சிரிக்கிற அந்தக் குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சும்மா எழுந்து போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"எனக்குன்னு நெனச்சிண்டிருந்தேன். போறது போ, நம்ம கொழந்தைக்குத்தானே" என்றாள். "நட்சத்திரத்துக்கெல்லாம் வராது இது. டவுன்ல பொறந்தவளோல்லியோ, இங்கிலீஷ் தேதிக்குத்தான் வரும். ஜூலை எட்டு, திங்கக்கெழம. கார்த்தால நடை தெறந்ததும் வந்துடு."

ஜூலை எட்டாம் தேதி அவர்கள் இரவல் வாங்கிய கூண்டு வண்டியில் வந்து சேர்ந்தார்கள். மாட்டை விட்டுவிட்டு வரமுடியாமல் பால்பாண்டி வெளியில் நின்றான். ஜகதாம்பாள் முன்னதாகவே வந்து படியில் உட்கார்ந்திருந்தாள். விருமாண்டி கதையை மறக்காமல், தன் மகள் ஸ்யாமளாவுக்கு வளர்ந்த பிறகு ஆகும் என்று பெரிதாகத் தைத்து வைத்திருந்த பாவாடை சட்டை ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். சோணையம்மாள் உட்காரக்கூட இல்லை. முதல் வெயில் தண்ணீரில் விழுந்ததும் மெட்டு எழும்பியது. என்ன வாத்தியம் என்று சொல்ல முடியாது. நூறு பெண்கள் சேற்றில் நின்று சிரித்தால் அதை நாதஸ்வரத்தில் வாசிக்க முடியுமானால் அப்படியிருக்கும். முருகம்மாள் சிரிப்பதை நிறுத்தித் தலையைத் திருப்பினாள்.

மெட்டு ஒரு சுற்று வந்தபோது ஐந்தாவது பல் வெளியே வந்தது. இரண்டாவது சுற்றில் தலைமுடி காதைத் தொட்டது. அதன் பிறகு வருஷங்கள் தள்ளுமுள்ளு பண்ணிக்கொண்டு வந்தன. பல் விழுந்து முளைத்தது, முடி முதுகில் இறங்கியது, கை நீண்டு தாயின் கழுத்தைச் சுற்றியது. ஜகதாம்பாள் பாவாடையைக் கட்டிவிட்டாள், சட்டையை மாட்டிவிட்டாள். குளத்தைச் சுற்றியவர்கள், பிள்ளை வளர்கிறது, வழிவிடுங்கள் என்று சொல்லி ஒதுங்கிப் போனார்கள். இடுப்பில் பாரம் ஏறிக்கொண்டே போயிற்று. சோணையம்மாளுக்கு மூச்சு வாங்கியது, வியர்த்து ஊற்றியது, ஆனால் அவள் கையை விடவில்லை. பதினோரு வருஷத்துப் பழக்கம் அப்படி. கடைசிச் சுற்று முடிந்தபோது பிள்ளையின் பாதங்கள் இரண்டும் படிக்கல்லில் ஊன்றியிருந்தன, அப்போதும் தாய் அவளை இடுக்கிக்கொண்டுதான் நின்றாள்.

"எறக்கி விடும்மா" என்றாள் முருகம்மாள். அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். "நான் நடந்தே வாரேன்."

சோணையம்மாள் கையை எடுத்தாள். மகள் சன்னதியைப் பார்த்து நடந்தாள், பின்னாலேயே தாய் ஓவென்று அழுதுகொண்டும் ஜகதாம்பாளின் கையைப் பிடித்துச் சிரித்துக்கொண்டும் போனாள். கும்பிட்டு முடித்து வாசலுக்கு வந்தபோது பால்பாண்டி நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். தனக்கு முன்னால் பாவாடையைத் தூக்கிப் பிடித்து வாசற்படி இறங்கி வருகிற பெண்ணை உச்சி முதல் பாதம் வரை ஒருதடவை பார்த்தான். தலைத்துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

"குனிஞ்சு ஏறு தாயி, கூண்டு தலையில இடிக்கும்" என்றான். அவள் குனிந்து ஏறினாள்.